மூன்றாம் தொட்டியின் மஞ்சள்

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனபோது மூன்றாம் தொட்டி மறுபடியும் பச்சையாக இருந்தது.

முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். பனி விலகவில்லை, கூரைத் தகடு வழியாக வரும் வெளிச்சம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீரை மொண்டு, வெளியே எடுத்துப் போய், வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். பச்சைதான். வெள்ளிக்கிழமை மதியம், கண்டியில் பரீட்சைக் கட்டணம் கட்டுவதற்காக நான் அரை நாள் லீவில் பஸ் ஏறும்போது, அது காய்ந்த வைக்கோலின் நிறத்தில் இருந்தது.

எங்கள் வேலையிடம் திகனவைத் தாண்டி, தெல்தெனியவுக்கு இறங்கும் பாதையில், நீர்த்தேக்கம் தெரிகிற ஒரு சரிவில் இருக்கிறது. நீள்வட்டமான மூன்று சிமெந்துத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு துடுப்புச் சக்கரம் மெதுவாகச் சுற்றித் தண்ணீரை ஓட வைக்கும். அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பாசி வளர்கிறது. பாசிக்குள் உண்டாகும் எண்ணெயைப் பிரித்தெடுத்து வாகனங்களுக்கான எரிபொருளாக மாற்றலாம் என்று, நாடே பெற்றோல் வரிசையில் நின்ற வருடத்துக்குப் பிறகு, கொழும்புக் கம்பெனி ஒன்று இதைத் தொடங்கியது. நான் ஆய்வுகூட உதவியாளர். பகலில் இங்கே வேலை; வாரத்தில் சில மாலைகள் கண்டியில் டிப்ளோமா வகுப்பு. ஆகவே எனக்குத் தெரிந்தது எதுவும் முழுதாகத் தெரிந்ததில்லை.

இந்த ஒன்று மட்டும் தெரியும். வெளிச்சமும் சூடும் நைதரசனும் தாராளமாகக் கிடைத்தால் பாசி பெருகும், எண்ணெய் வைக்காது. வைக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. அது நன்றாகப் பெருகிய பிறகு, யூரியாவாகக் கொடுக்கும் நைதரசனை நிறுத்த வேண்டும். அப்போது பெருக்கம் நின்றுவிடும். தன் பச்சையத்தையே உடைத்துத் தின்னத் தொடங்கும், நிறம் மஞ்சளாகும். ஆனாலும் வெயிலைப் பிடிப்பதை அது உடனே விடுவதில்லை. பிடித்ததை வளர்வதற்குச் செலவிட முடியாமல் எண்ணெயாகச் சேர்த்து வைக்கும். வளர்ச்சியும் எண்ணெயும் சேர்ந்து வருவதில்லை. இதற்கு முந்திய தடவைகளில் நாங்கள் அவசரப்பட்டு முன்னதாகவே நிறுத்தியதால், பாசிக்குள் எண்ணெய் இருந்தது, தொட்டியில் பாசிதான் இல்லை. இந்த முறை மூன்றாம் தொட்டியில் எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தது. அடுத்த வாரம் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து பார்த்து, இந்த இடத்தை நடத்துவதா மூடுவதா என்று முடிவு செய்ய இருந்தார்கள்.

ஒரு துளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன். வெள்ளிக்கிழமை பாசியின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் மினுமினுத்த எண்ணெய்த் துளிகள் பெரும்பாலும் காணாமல் போயிருந்தன. கலங்கள் மறுபடி இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகிக்கொண்டிருந்தன. நைத்திரேற்றுச் சோதனை செய்தேன், ஒன்றும் இல்லை. கைதவறு என்று நினைத்துத் திரும்பச் செய்தேன், அப்போதும் இல்லை. பிறகு அமோனியாச் சோதனை செய்தேன். குழாய் கடும் பச்சையானது; தண்ணீரில் நைதரசன் நிறைய இருந்தது. பழைய மருந்தாக இருக்குமோ என்று குப்பியின் திகதியைப் பார்த்தேன். இல்லை. என் பிழையாக இருக்கட்டும் என்று நான் விரும்பியதும், அது என் பிழையாக இல்லாமல் போனதும் அன்றைக்குத்தான்.

"பாத்தியா புள்ள?"

பம்ப் அறைப் பக்கமிருந்து நடராஜா மாமா வந்துகொண்டிருந்தார். கையில் வாளி, வாய் நிறையச் சிரிப்பு.

"எத மாமா?"

"மூணாம் நம்பரத்தான். பொழைச்சிருச்சு பாரு. படிச்ச ஆளுங்க எல்லாம் வந்து வந்து எட்டிப் பாக்குறீங்க, கண்ணாடிய போட்டுக்கிட்டு எழுதுறீங்க. அது சாகுறது மட்டும் ஒருத்தருக்கும் தெரியல."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்வேன்? சோறு போட்டேன்."

நடராஜா மாமா என் அப்பாவோடு ஒரே தோட்டத்தில் வேலை செய்தவர். உறவில்லை, ஆனால் மாமா என்றே கூப்பிட்டுப் பழக்கம். நாட்டுக்குள் உரம் வராத வருடத்தில் அவர்கள் டிவிஷனின் தேயிலை மஞ்சளாகிப் போனது. கொழுந்து இல்லை, நாள் வேலைக்குப் பேர் போடுவது குறைந்தது, பிறகு டிவிஷனையே கைவிட்டார்கள். அவர்கள் குடியிருந்த லயத்துக் கூரை காற்றில் போனபோது திருத்தித் தரவும் ஆள் இல்லை. நான்தான் இங்கே பொறுப்பாக இருக்கும் ரொஹான் சேரிடம் அவருக்காகப் பேசினேன். தொட்டி கழுவ, யூரியாவைக் கரைத்து ஊற்ற, பம்ப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது. வேலையோடு பம்ப் அறைக்குப் பின்னால் இரண்டு அறைகள் கிடைத்தன. வேலை இருக்கும் வரை வீடு. அவரும் சுப்பம்மா அத்தையும் ஒரு அலுமாரியோடும் இரண்டு கதிரைகளோடும் வந்து சேர்ந்தார்கள். மழைக்கு ஒழுகாத வீட்டில் படுத்தும் முதல் வாரம் தூக்கம் வரவில்லை என்று அத்தை சொல்லிச் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது.

அத்தை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். "ஏன் புள்ள மொகம் இப்படி வெளுத்துப் போச்சு? வா, டீ குடி."

நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். மாமாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"யூரியா எங்கருந்து எடுத்தீங்க?"

"ஸ்டோர்லதான். நம்ம வேன்கார ஸிபான் தம்பி வெள்ளிக்கெழம தொழுகப் பள்ளிக்குப் போறப்ப சாவிய ஆணில மாட்டிட்டுப் போச்சு, டீசல் லொறி வந்தா தொறந்து விடச் சொல்லி. மூட்டை அப்படியே கெடக்குது. இவ்வளவு நாளா நான்தானே கரைச்சு ஊத்துனேன்? திடீர்னு வேணாம்னுட்டாங்க. தோட்டத்துலயும் இப்படித்தான் ஆரம்பிச்சது. மிச்சம் புடிக்கிறாங்க, கேட்டா வெக்கப்படுவாங்கன்னு நெனச்சேன். எல மஞ்சளானா என்னால சும்மா இருக்க முடியாது புள்ள. ஒரு வாளி கரைச்சு ஊத்தினேன். சனிக்கெழம இன்னொன்னு ஊத்துறதுக்கும் சேத்தே அள்ளி வச்சிருந்தேன்."

"மாமா, வேணும்னேதான் நிறுத்தினோம்."

"எத?"

"யூரியாவ. பட்டினி போட்டாத்தான் அது எண்ணெய் வைக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். "அப்ப எங்களப் புழிஞ்சிருந்தா டின் டின்னா வந்திருக்குமே! தொரைக்கு அது தெரியாம போச்சு பாரு."

அத்தையும் சிரித்தார். "இவரப் புழிஞ்சா வெத்தல எச்சிதான் வரும்."

நான் சிரிக்கவில்லை. மாமாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"நெசமாவா சொல்ற?"

"நெசம்தான் மாமா."

"அப்ப நான் போட்டது?"

"வச்ச எண்ணெயத் தின்னுட்டு மறுபடி வளர ஆரம்பிச்சிருச்சு."

"திருப்பிப் பட்டினி போடு."

"போடலாம். அதுக்கு நாளாகும். கொழும்பு ஆளுங்க அதுக்குள்ள வந்துருவாங்க."

அவர் வாளியைப் பார்த்தபடி இருந்தார். "இத எங்கிட்ட யாரும் சொல்லலையே புள்ள" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சொல்ல வேண்டியவள் நான். நைதரசனை நிறுத்திய அன்று ரொஹான் சேர் என்னிடம், "எல்லாருக்கும் தெரியப்படுத்துங்க" என்றார். நான் தொட்டிக்கு முன்னாலுள்ள வெள்ளைப் பலகையில், வகுப்பில் பழகியபடி, அழகான ஆங்கிலத்தில் எழுதினேன். மாமாவிடம் "இனி யூரியா வேணாம்" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க மாமா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ரொஹான் சேர் பத்து மணிபோல வந்தார். கட்டுகஸ்தோட்டைக்காரர், தமிழர், கெட்ட மனிதர் அல்ல. தொட்டியைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன அனுஷியா இது? யார் வேல?"

"சனி, ஞாயிறு நல்ல மழை சேர். மேல தேயிலைக்கு உரம் போட்டிருப்பாங்க. கழுவிட்டு வந்திருக்கலாம்."

நடக்கக்கூடிய விஷயம்தான். தொட்டிக்கு நீர் எடுக்கும் ஓடை தேயிலைச் சரிவின் ஊடாகத்தான் வருகிறது. அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. "அப்படின்னா கொழும்புக்குச் சொல்லலாம். ஓடைத் தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க, நம்பரோட அனுப்புவம்."

நான் ஓடையில் மூன்று இடங்களில் தண்ணீர் எடுத்தேன். மூன்றும் சுத்தம். குழாய்கள் மஞ்சளாகவே நின்றன. ஒரு எண்ணை மாற்றி எழுதினால் போதும். பேனாவை எடுத்தேன், வைத்தேன். என் கை ஏன் எழுத மறுத்தது என்று நான் இன்னும் யோசிக்கிறேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ளத் துணிவில்லை. எவ்வளவு என்று எழுதினால் நம்புவார்கள் என்பது தெரியாத பயமாகவும் இருக்கலாம். உள்ளதையே எழுதிக் கொடுத்தேன்.

அதோடு மழை பழியிலிருந்து தப்பித்துக்கொண்டது. ரொஹான் சேர் ஸ்டோரைத் திறந்து மூட்டையை நிறுத்துப் பார்த்தார். குறைந்திருந்தது. சாவி ஸிபானிடம்தான் இருக்க வேண்டும். வேறு யார் கையிலும் கொடுக்கக்கூடாது என்பது கட்டளை.

ஸிபான் திகனக்காரர். எங்கள் வேனை ஓட்டுபவர், நான் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுபவர், ஸ்டோரும் அவர் பொறுப்பு. கலவர வருடத்தில் திகனவில் எரிந்த முஸ்லிம் கடைகளில் அவருடைய வாப்பாவின் கடையும் ஒன்று. அதன் பிறகு குடும்பத்தில் யாரும் கடை போடவில்லை.

"சாவி யார்ட்ட இருந்திச்சு?"

"என்ட கையில சேர்."

"அப்ப யூரியா எங்க?"

"நான் எடுக்கல்ல சேர். அல்லா மேல சத்தியமா எடுக்கல்ல."

"எடுக்காம பறந்து போய்த் தொட்டில விழுந்திச்சா? கொழும்புல இருந்து பேர் கேக்கிறாங்க ஸிபான். யாராவது வேணும்னு செஞ்சாங்களான்னு கேக்கிறாங்க. பொலிஸ்ல என்ட்ரி போடச் சொல்றாங்க. நாளைக்குக் காலைல நான் பதில் சொல்லணும்."

ஸிபான் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். சாவியை ஆணியில் மாட்டியதைச் சொன்னால் அதுவே ஒரு பிழை. அதோடு அடுத்த கேள்வி யாரைத் தேடிப் போகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

சாயங்காலம் வேன் அருகே அவரிடம் போனேன்.

"ஸிபான் நானா, நீங்க ஏன் சொல்லல்ல?"

"எத சொல்ற? நான் கண்ணால கண்டேனா?" டயரைக் காலால் தட்டினார். "வேல போனா போகட்டும் தங்கச்சி. வேற வேன் கிடைக்கும். பொலிஸ்ல போய் எழுதினா அந்தப் பேப்பர் அங்கயே இருக்காது. சோனகன் தண்ணியில என்னவோ போட்டானாம்னு ஒரு சொல்லு ரோட்டுக்கு வந்தா போதும். இந்தத் தண்ணி கீழ ஊருக்குத்தான் போகுது. என்ட பிள்ளைகள் அந்த ரோட்டாலதான் ஸ்கூலுக்குப் போற."

அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை. பம்ப் அறைக்குப் பின்னால் போனேன். மாமா படியில் உட்கார்ந்திருந்தார். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நடந்ததை வரிசையாகச் சொன்னேன்: ஓடை, மூட்டை, சாவி, பொலிஸ், ஸிபானின் பிள்ளைகள். ஒன்றையும் விடவில்லை. விடாமல் சொன்னால் என் பங்கு குறைந்துவிடும் என்று எண்ணினேனோ என்னவோ.

அத்தைதான் முதலில் பேசினார். "அவங்களுக்குத் திகனையில ஊடு இருக்குது. நாங்க எங்க போறது?"

"சும்மா இரு" என்றார் மாமா.

"ஏன் சும்மா இருக்கணும்? இந்தப் புள்ளதான் நம்மளக் கூட்டியாந்துச்சு. இதே புள்ள வந்து போகச் சொல்லுது."

"நான் போகச் சொல்லல அத்தை."

"வேற எதுக்கு வந்த? கீரை ஆயவா?"

நான் பஸ்ஸுக்கு நடந்தேன். அவர் கேட்டது சரி. நான் எதற்கு வந்தேன்? அவரே போய்ச் சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லை என்பதற்காகத்தான். பாதி வழியில், கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, இது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே நாளைக் காலை முதல் வேலையாக ரொஹான் சேரிடம் எல்லாவற்றையும் நானே சொல்வது என்று முடிவு செய்தேன். பலகையில் எழுதியது ஆங்கிலத்தில், மாமாவுக்கு விளக்கவில்லை, பிழை என்னுடையது. இந்த மூன்று வாக்கியங்களையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

மறுநாள் அலுவலக வாசலில் மாமாவின் செருப்பு கிடந்தது.

உள்ளே அவர் மேசைக்கு முன்னால் நின்றார். கதிரை காலியாக இருந்தது, அவர் உட்காரவில்லை. ஸிபான் சுவரோரம் நின்றார்.

"நான்தான் போட்டேன் சேர். அந்தத் தம்பிக்கு ஒன்னும் தெரியாது."

"யார் போடச் சொன்னா?"

"யாரும் சொல்லல. மஞ்சளா இருந்துச்சு."

"மஞ்சளா இருந்தா?"

"செத்துரும்ல சேர்."

ரொஹான் சேர் கண்களை மூடித் திறந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அனுஷியா, நீங்க இவருக்குச் சொல்லலையா? எல்லாருக்கும் தெரியப்படுத்தச் சொன்னேனே?"

மூன்று வாக்கியங்களும் என் வாயில் இருந்தன. அவருக்குப் பின்னால் சுவரில் கொழும்பிலிருந்து வந்த சுற்றறிக்கை தொங்கியது. என் டிப்ளோமாவுக்கு இந்த வேலையிலிருந்து ஒரு கடிதம் தேவை என்பது ஏன் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது என்று தெரியவில்லை.

"பலகையில எழுதியிருந்தேன் சேர்" என்றேன்.

அது பொய் அல்ல.

மாமா என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துத் தலையாட்டினார். "ஆமா சேர். புள்ள எழுதித்தான் வச்சிருந்துச்சு. வேணாம்னு வாயாலயும் சொன்னுச்சு. நான்தான் கேக்கல."

ரொஹான் சேர் பேனாவை எடுத்தார். "என் கையில இல்ல நடராஜா. கொழும்புக்கு ஒரு பேர் குடுக்கணும். பொலிஸ் வராம நான் பாத்துக்கிறேன். அது மட்டும்தான் என்னால ஏலும்."

மாத முடிவுக்குள் அறைகளைக் காலி செய்யச் சொன்னார்கள். அவர்கள் அந்த வாரமே போனார்கள். ஸிபானை எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். அவரே வேனில் அலுமாரியை ஏற்றினார். அலுமாரிக் கதவு திறந்து திறந்து அடித்ததால் தன் பனியனைக் கிழித்துக் கட்டினார். தெல்தெனியவில் மரியநாயகம் என்பவரின் கராஜுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் இருக்கிறதாம். "ஒழுகுமா?" என்று அத்தை கேட்டார். "பாத்துக்குவம் அக்கா" என்றார் ஸிபான். ஒழுகாது என்று அவர் சொல்லவில்லை.

நான் அத்தையின் கதிரை ஒன்றைத் தூக்கப் போனேன். அவர் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். பிடுங்கவில்லை, வாங்கிக்கொண்டார்.

மாமா வேனில் ஏறும் முன் மூன்றாம் தொட்டியருகே கொஞ்சம் நின்றார். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. "இப்ப திருப்பிப் பட்டினி போட்டுட்டீங்களா புள்ள?" என்று கேட்டார்.

"போட்டாச்சு மாமா."

"ம்."

கொழும்பு ஆட்கள் தங்கள் வருகையை ஒரு மாதம் தள்ளிப் போட்டார்கள். தள்ளிப் போட முடிந்தது. ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்தது. அது முன்னமே தெரிந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

மாமாவின் இடத்துக்குப் பல்லேகலையிலிருந்து அஜந்தன் என்று ஒருவர் வந்தார். அந்த இரண்டு அறைகளிலும் இப்போது யூரியாவும் உப்பும் வைத்திருக்கிறோம், புதுப் பூட்டு. முதல் நாளே அவரைத் தொட்டிக் கரைக்கு அழைத்துப் போனேன். தமிழில், அவசரப்படாமல், ஏன் நிறுத்துகிறோம், ஏன் மஞ்சளாகும், மஞ்சளானால் ஏன் ஒன்றும் செய்யக்கூடாது என்று எல்லாம் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"எவ்வளவு நாளைக்குத் தாங்கும் மிஸ்?"

"ரொம்ப நாள் தாங்காது. ஒரு கட்டத்துக்கு மேல கலம் வெடிச்சுரும்."

"அப்ப?"

"சாகுறதுக்கு முன்னாடி எடுத்துருவோம்."

அவர் சரி என்று தலையாட்டினார். தண்ணீர் அன்றைக்கே ஓரங்களில் வெளுக்கத் தொடங்கியிருந்தது. நான் குவளையில் மொண்டு உள்ளே எடுத்துப் போய் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்தேன். கலங்கள் பிரிவதை நிறுத்தியிருந்தன. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு சிறிய மினுக்கம். எண்ணெய் வைக்கத் தொடங்கிவிட்டது. ரொஹான் சேர் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "எப்படி?" என்று கேட்டார்.

"நல்லா வருது சேர்" என்றேன்.